சங்கிலியை வளைத்துத் திரும்பும் டாங்கி

"டாங்கிக்கு ஸ்டியரிங் உண்டா?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். பழைய டாங்கிகள் பெரும்பாலானவற்றில் கிடையாது, நெம்புகோல்கள்தான். டாங்கியின் இருபக்கமும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிகளில் இடதுபக்கச் சங்கிலிக்குப் பிரேக் போட்டால் வலதுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி இடப்புறம் திரும்பும். வயலில் டிராக்டரை ஒருபக்க பிரேக் மிதித்துத் திருப்புகிறார்களே, அதே கணக்குதான்.

ஆனால் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் டெட்ரார்க்கில், காரில் இருப்பது போலவே வட்டமான ஸ்டியரிங் உண்டு. 1937இல் விக்கர்ஸ் நிறுவனம் சொந்தச் செலவில் முன்மாதிரி செய்து பார்த்த இலகு ரக டாங்கி இது. எடை சுமார் 7.6 டன், வேகம் மணிக்கு 64 கி.மீ.

அந்த வேகத்தில் ஒருபக்கம் பிரேக் போட்டால் வண்டி வெடுக்கென்று இழுக்கும். அதோடு, சங்கிலி நேராகக் கிடக்க, வண்டி மட்டும் வளைந்து போக வேண்டியிருப்பதால் சங்கிலியின் இரண்டு முனைகளும் தரையைப் பக்கவாட்டில் அரைக்கும். டாங்கி திரும்பிய இடம் உழுது போட்டதுபோல் கிடப்பது இதனால்தான். எஞ்சினின் சக்தியில் கணிசமான பங்கு அந்த உராய்விலேயே போய்விடும்.

சரி, சங்கிலியையே வளைத்துவிட்டால்? டெட்ரார்க்கில் பக்கத்துக்கு நான்கு பெரிய சக்கரங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் எட்டும் சேர்ந்து திரும்பி, கொஞ்சம் சாயவும் செய்யும். முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் எதிர்ப்பக்கம். அவற்றைச் சுற்றி ஓடும் சங்கிலி வில்லாக வளைகிறது. வண்டி போகவேண்டிய வளைவைத் தரையில் அதுவே வரைந்துகொள்கிறது!

தேய்ந்துபோன சைக்கிள் செயினைக் கழற்றி, பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கண்ணிக்குக் கண்ணி ஊசியில் இருக்கும் சின்னச் சின்ன ஆட்டமெல்லாம் சேர்ந்து செயின் முழுவதும் வளைந்து தொங்கும். சைக்கிளில் அது கோளாறு. டெட்ரார்க்கின் சங்கிலியையோ அப்படி வளைந்துகொடுக்கும்படியே செய்தார்கள். இரும்பை இப்படி இணங்க வைத்த யோசனை எனக்கு எத்தனை தடவை படித்தாலும் சலிப்பதில்லை. கூர்மையான திருப்பத்துக்கு மட்டும் இது போதாது; அங்கே பழையபடி ஒருபக்கப் பிரேக்தான்.

மொத்தம் 200 டெட்ரார்க்குகள்கூடச் செய்யப்படவில்லை. அதற்காக முன்மாதிரிக்குப் போட்ட பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். பலன் உறுதியானால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்று நின்றால் இப்படியொன்றைச் செய்து பார்க்கவே முடியாது.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, ஹாமில்கார் என்ற எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களில் ஏறி, பிரான்சின் நார்மண்டி வயல்களில் இவை இறங்கின. வீரர்கள் கழற்றிப் போட்டிருந்த பாராசூட்டுகளின் துணியும் கயிறும் அந்தச் சக்கரங்களில் சுற்றிக்கொள்ள, பல டாங்கிகள் இறங்கிய வயலிலேயே நின்றுவிட்டன.