வைரஸ் கார்ட்: நச்சுநிரல் காவல்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குப் போனால், மெசினைத் திறக்கும் முன்பே வரும் கேள்வி, "கார்ட் போட்டிருக்கா?" தமிழ்நாட்டில் 'ஆன்டிவைரஸ்' என்பார்கள். இலங்கையில் தமிழிலும் சிங்களத்திலும் அது 'வைரஸ் கார்ட்', அதாவது வைரசுக்குக் காவல். இந்தப் பேச்சு வழக்கில் ஒரு தெளிவு இருக்கிறது. வைரசுக்கு 'எதிரானது' என்று சொல்லி நிறுத்தாமல், வாசலில் நின்று காப்பது என்று அது சொல்கிறது. தமிழ்ச் சொல்லையும் அந்தப் பக்கமாகத்தான் தேட வேண்டும்.

'வைரஸ்' லத்தீன் சொல். நஞ்சு, பிசுபிசுத்த நச்சு நீர் என்பது பொருள். வடமொழி 'விஷ'வும் இதுவும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. அந்த விஷத்தைத்தான் தமிழ் 'விடம்' என்று தன் எழுத்துக்கு மாற்றிக்கொண்டது. ஆகவே வைரஸ் நமக்கு முழு அந்நியன் அல்ல, விடத்துக்குத் தூரத்து உறவு. 1898இல் நெதர்லாந்தின் நுண்ணுயிரியலாளர் பெய்ஜரிங்க், புகையிலையில் தேமல் நோய் பரப்பும், வடிகட்டியில் சிக்காத கிருமிக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கணினிக்கு இது வந்தது 1983இல். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோஹன், இன்னொரு நிரலுக்குள் தன் பிரதியைப் புகுத்திப் பெருகும் நிரல் ஒன்றைச் செய்து காட்டினார். அவருடைய ஆசிரியர் லெனார்ட் ஏடில்மன் சொன்ன பெயர்தான் 'வைரஸ்'. 1986இல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெயின்' என்ற வைரஸ், பிளொப்பி வழியாக ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவியது.

தமிழில் பொருத்தமான சொல் நச்சுநிரல். நஞ்சு என்பது இன்னொரு சொல்லோடு சேரும்போது நச்சு ஆகும். இரும்பும் பாதையும் சேர்ந்து இருப்புப்பாதை ஆவதைப் போல. நிரல் என்றால் ஒழுங்கு, வரிசை. கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசையும் அதனால்தான் நிரல். மலையகத்துக்கு இந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை. கொழுந்து எடுக்க நிரை பிடிக்கிறார்களே, அந்த நிரையும் நிரலும் ஒரே குடும்பம். நச்சுயிரி, தீநுண்மி ஆகியவற்றை நோய்க்கு விட்டுவிடலாம். கணினிக்குள் உயிரி எதுவும் இல்லை. வரிசையாக எழுதிய கட்டளை மட்டுமே இருக்கிறது.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். மற்றொரு நிரலில் ஒட்டிக்கொண்டு பெருகுவது மட்டுமே கறாரான பொருளில் நச்சுநிரல். ஒட்டாமல் தானே பரவுவது புழு. நல்ல மென்பொருள் வேடத்தில் வருவது ட்ரோஜன். கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்பது பணயத் தீநிரல். எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் தீநிரல். பேச்சில் அனைத்தையும் 'வைரஸ்' என்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் எது வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம் மாறும்.

இனி கார்ட். அதற்குக் காவல் என்ற சொல்லே போதும். 'நச்சுநிரல் எதிர்ப்பு', 'நச்சுநிரல் அழிப்பி' இரண்டும் எழுதப்படுகின்றன. ஆனால் இந்த மென்பொருளின் முதல் வேலை அழிப்பதல்ல. தோட்டத்துக் காவல்காரருக்குப் போலவே இதற்கும் இரண்டு வேலை. ஒன்று வாசலில் நிற்பது: எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்த நொடியே பார்ப்பது. மற்றது சுற்றி வருவது: சொன்னால் டிஸ்க் முழுவதையும் தேடுவது. மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு சுற்றி வரும், வாசலில் நிற்காது. மைக்ரோசொஃப்ட் சேஃப்டி ஸ்கேனரும் அப்படித்தான். அது டவுன்லோட் செய்து 10 நாளில் காலாவதியாகிவிடும். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு 'கார்ட் இருக்கிறது' என்று நம்பக்கூடாது.

வீட்டுக் கணினிக்கு, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் போதும். காசில்லை. வேறொரு காவலை நிறுவினால் டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். சிக்கல் எப்போது வருகிறது என்றால், கடையில் ஒரு வருடத்துக்கு வாங்கிப் போட்ட கார்டின் காலம் முடிந்த பிறகும் அதை அப்படியே விட்டுவைக்கும்போது. பழையதை முற்றாக அன்இன்ஸ்டோல் செய்து, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் விழித்துக்கொள்ளும். வெளியிலிருந்து வாங்கிய இரண்டு காவலை ஒன்றாக வைப்பதும் கூடாது. ஒன்று திறக்கும் கோப்பை மற்றது பிடித்துக்கொள்ளும். கணினி நகரவே மாட்டாது.

காவல்காரரிடம் ஆட்களின் படப் பட்டியல் இருப்பதுபோல், காவலிடம் தீநிரல்களின் அடையாளக் கோவை இருக்கிறது. ஆங்கிலத்தில் டெஃபினிஷன் என்பதால் சிலர் இதை 'வரைவிலக்கணம்' என்று மாற்றுகிறார்கள். அது பாடப் புத்தகச் சொல், இங்கே பொருந்தாது. அடையாளக் கோவை பழசானால், காவல் நின்றும் பயனில்லை. டேட்டா மிச்சம் பிடிப்பதற்காகப் பல வீடுகளில் அப்டேட்டை நிறுத்திவிடுகிறார்கள். மாற்று வழி உண்டு: டிஃபெண்டரின் அடையாளக் கோவை முழுவதையும் ஒரே கோப்பாக மைக்ரோசொஃப்டின் தளத்திலிருந்து எடுக்கலாம். அது 100 எம்பிக்கு மேல் இருக்கும். டவுனில் வைஃபை உள்ள இடத்தில் பென் டிரைவில் (பேச்சில் 'பென்') ஏற்றி வந்து இரட்டைக் கிளிக் செய்தால் போதும். உங்கள் விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, கிராக் போட்ட விண்டோஸ், அதாவது காசு கொடுக்காமல் உரிமப் பூட்டை உடைத்துப் போட்டது. அதை இயக்கும் கருவிகள் பல, "முதலில் கார்டை நிறுத்து" என்று கேட்கும். அப்படி நிறுத்தியவர்கள் திரும்பத் தொடங்க மறந்துவிடுகிறார்கள், அல்லது சி டிரைவ் முழுவதையும் 'பார்க்க வேண்டாம்' பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். பட்டியலில் போட்டால் திரையில் பச்சைக் குறிதான் தெரியும், ஆனால் அந்த டிரைவில் காவல் எதையும் பார்க்காது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போய், கீழே எக்ஸ்குளூஷன்ஸைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் அங்கே எது இருந்தாலும் நீக்குங்கள். அதே பக்கத்தின் மேலே ரியல்-டைம் புரொடெக்ஷன் ஒன் ஆக இருக்க வேண்டும். காவல் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று பார்க்க, ஐகார் சோதனைக் கோப்பு உண்டு: 68 எழுத்துகள் மட்டுமே, தீங்கு எதுவுமில்லை. அதைச் சேமித்த உடனே காவல் சத்தம் போட வேண்டும்.

மலையகத்தில் இந்த நஞ்சு அதிகம் பயணிப்பது பென்னில்தான். விண்ணப்பப் படிவம் பிரிண்ட் எடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்குப் போன பென், திரும்பி வந்து செருகும்போது ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷோர்ட்கட்டாகத் தெரியும். பிள்ளையின் படங்கள் போய்விட்டன என்று பதறி ஃபோர்மட் செய்துவிடாதீர்கள். கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன, மறைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஷோர்ட்கட்டைக் கிளிக் செய்தால்தான் தீநிரல் உங்கள் கணினிக்கு ஏறும். முதலில் பென்னின் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு எக்ஸ்புளோரரின் ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற பெட்டியின் சரிக் குறியையும் எடுங்கள். மங்கலாகத் தெரியும் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பவற்றை மட்டும் கணினியில் புது ஃபோல்டர் ஒன்றுக்குக் கொப்பி செய்யுங்கள். ஃபோல்டரையே கொப்பி செய்தால் மறைவுக் குறியும் கூட வந்துவிடும். எல்லாம் கைக்கு வந்த பிறகு பென்னை ஃபோர்மட் செய்யலாம். பெட்டியில் சரிக் குறியைத் திரும்பப் போட மறக்க வேண்டாம். அந்தப் பெட்டி மறைத்து வைக்கும் விண்டோஸின் கோப்புகளைத் தவறி அழித்தால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம்.

அழித்ததே மீண்டும் மீண்டும் வந்தால் டிஃபெண்டரின் ஒஃப்லைன் ஸ்கேன் செய்யுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்பும் முன்பே 15 நிமிடம் அளவில் தேடும். கரண்ட் போகும் நேரமாகப் பார்த்துத் தொடங்க வேண்டாம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. டிஃபெண்டரின் அடையாளக் கோவை மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதாவது காவல்காரர் நிற்பார், பிய்ந்த வேலியை வழமைபோல் யாரும் கட்டமாட்டார்கள். பணயத் தீநிரல் பூட்டிய கோப்பைப் பெரும்பாலும் காவலால் திறந்து தர முடியாது என்பதால், முக்கியமானவற்றின் பிரதி ஒன்று வேறு டிஸ்க்கில், கணினியிலிருந்து கழற்றிய நிலையில் இருக்க வேண்டும். அந்தப் பிரதிக்குப் பேச்சில் 'பெக்கப்', தமிழில் காப்புப்பிரதி. காவலும் காப்பும் 'கா' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை.