உருக்கவில்லை, சுட்டு இறுக்கினார்கள்

பெரியம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் கேப் போட வேண்டியிருந்தது. மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையை வாசித்துவிட்டு, "இதுல இரும்பு கலந்திருக்காப்பா? உருக்குன்னு போட்டிருக்கே" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். "1500 டிகிரி வெப்பத்தில் உருக்கி வார்க்கப்பட்ட சிர்கோனியா" என்று இருந்தது. சிர்கோனியா உலோகமல்ல, பீங்கான் வகை. அதன் தூளைச் சூட்டில் இறுகவைக்கும் சிண்டரிங் என்ற முறைக்கு 'உருக்குதல்' என்று எழுதுவதை இதோடு எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இது தவறு. உருகாமல் கெட்டியாவதுதான் சிண்டரிங்.

சிண்டரிங் என்ற சொல்லின் வேர் ஜெர்மன். அங்கே அது உலைக் கிட்டத்தைக் குறித்தது. கரிக்கட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான சிண்டர் இதற்கு உறவு. சிர்கோனியா என்பது பொருளின் பெயர். 1789இல் கிளாப்ரோத் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இலங்கையிலிருந்து வந்த சிர்கான் கல்லில் இதைக் கண்டார். பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம், தமிழாக்க வேண்டியதில்லை.

செய்முறைக்கு வருவோம். சிர்கோனியா உருக 2700 டிகிரிக்கு மேல் வேண்டும். பல் ஆய்வகச் சூளைகள் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. 1450 முதல் 1550 வரைதான் போகின்றன. அந்தச் சூட்டில் தூள் கூழாவதில்லை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் துகள்களின் அணுக்கள் மெல்ல நகர்ந்து, தொடும் இடங்களில் பாலம் கட்டுகின்றன. இடையில் இருக்கும் காற்றுப் பொந்துகள் சுருங்கி மறைகின்றன. கடைசிவரை பொருள் திடமாகவே இருக்கிறது.

ஓர் ஆய்வகத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். லேசாகச் சுட்ட கட்டியிலிருந்து கடைந்தெடுத்த கேப் சாக்பீஸ் போல வெள்ளையாக, நகம் பட்டாலே கோடு விழும்போல இருந்தது. பெரிதாகவும் இருந்தது. 10 மி.மீ. வேண்டுமென்றால் 12.5 மி.மீ. அளவுக்குக் கடைகிறார்கள், சூளையில் 20 விழுக்காடு சுருங்கிவிடும் என்பதால். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அப்படிச் சுருங்கினால் கன அளவு ஏறக்குறைய பாதியாகிவிடும். தட்டில் பரப்பிய சிறு மணிகளின்மேல் அதை வைத்து மாலையில் சூளையை மூடினார்கள். மறுநாள் எடுத்தபோது சின்னதாகி, தட்டினால் 'ணங்'கென்றது.

இதை உருக்குதல் என்று எப்படிச் சொல்வது? உருக்கினால் கடைந்த வடிவம் நிற்குமா? கோபால்ட்-குரோமியம் கேப்புக்கு உருக்கி வார்ப்பது உண்மை, அங்கே அந்தச் சொல் சரி. பழைய உலோகக் கேப் துண்டறிக்கையில் பொருளின் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துவிட்டார்களோ என்று நினைக்கிறேன். போதாததற்குத் தமிழில் உருக்கு என்றாலே எஃகு. உலோகமே வேண்டாம் என்று சிர்கோனியா கேட்கிறவர் கையில் இந்தச் சொல்லைக் கொடுத்தால் பயப்படத்தான் செய்வார்.

மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் 'வெப்பத் துகளிணைப்பு' என்று எழுதலாம் என்றார். பொருள் பிழையில்லை. ஆனால் சுருங்கி இறுகுவது அதில் இல்லை. படிப்பவர் மனத்தில் எதுவும் தோன்றாது, பசை போட்டு ஒட்டினார்கள் என்றுகூட நினைக்கலாம். என் வருத்தம் அவர்மேல் மட்டுமல்ல. அறிவியல் சொல் என்றதும் நாம் அகராதியைத் திறக்கிறோம், சூளைக்காரரிடம் போய்க் கேட்பதில்லை. பானையும் செங்கல்லும் சுட்டவர்களிடம் இதற்கான சொற்கள் எப்போதோ இருக்கின்றன. சுடாததைப் 'பசுமண் கலம்' என்று குறளே சொல்கிறது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பது பழமொழி. செங்கல் 'வெந்திருக்கிறதா' என்றுதான் இன்றும் கேட்கிறார்கள். மண்ணைச் சுடும்போது ஒரு பகுதி உருகிப் பிணைப்பதுண்டு, சிர்கோனியாவில் அது இல்லை என்பது தெரியும். ஆனாலும் வடிவம் கெடாமல் சூட்டில் இறுகுவது இரண்டுக்கும் பொது.

அதனால் நான் 'சுட்டிறுக்குதல்' என்று எழுதுகிறேன். சூடும் இருக்கிறது, சுருக்கமும் இருக்கிறது, பெரியம்மாவுக்கும் புரிகிறது. வெறும் 'சுடுதல்' போதாதா என்றால், ஆய்வகத்தில் மேலே பளபளப்புப் பூச்சு பூசி இன்னொரு முறை சுடுவார்கள். அதற்குச் 'சுடுதல்' இருக்கட்டும். கடைவதற்கு முன் லேசாகச் சுட்டு வரும் கட்டிக்கு 'அரைவேக்காட்டுக் கட்டி' கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் அந்தச் சொல் வசவாகிவிட்டது. 'அரைச்சூட்டுக் கட்டி' என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், உலை என்றும் எழுத வேண்டாம். உலை என்றதும் கொல்லர் நினைவு வரும், மறுபடியும் இரும்பு வந்துவிடும். சூளை போதும்.