தும்பிக்கை இல்லாத யானை

அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் இரண்டு யானைகள். குழந்தையின் உள்ளங்கையில் வண்ணம் பூசித் தாளில் பதித்து, காய்ந்தபின் தாளைத் தலைகீழாகத் திருப்பினால் நான்கு விரல்களும் கால்களாகிவிடும், கட்டைவிரல் தும்பிக்கையாகிவிடும். இடக்கை யானை அப்படியே அழகாக விழுந்திருந்தது. வலக்கை யானைக்குத் தும்பிக்கையே இல்லை. கால்களும் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் உருண்டையாகக் கிடந்தது.

பதித்தவன் 14 மாதப் பையன். யானை கேட்டது அவன் அக்கா. 2023 மே கடைசியில் அரிசிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருக்களுக்குள் புகுந்து, 144 தடை உத்தரவு போட்டு ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எதை வரைந்தாலும் யானைதான். அம்மா விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார். பிள்ளைகள் அப்பத்தா பொறுப்பு. தன் மணிக்கட்டு வலிக்காக என்னிடம் வந்த அப்பத்தாதான், பேத்தி கொடுத்தனுப்பியது என்று அந்தத் தாளை நீட்டினார். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கைகளைப் பார்ப்பதுதான் என் வேலை.

“இந்தக் கை மட்டும் ஏன் ஆத்தா இப்படி விழுந்திருக்கு?”

“அவன் பீச்சாங்கைக்காரன் தாயி, அவங்க தாத்தா மாதிரி. சோத்தாங்கையை நீட்டவே மாட்டான்.”

மறுநாளே பையனைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னேன். வலப்பக்கம் கிலுகிலுப்பையை நீட்டினால், இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து வாங்கினான். வலக்கை மூடியே இருந்தது, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. குழந்தை நல மருத்துவர் பரிசோதித்து, உடலின் ஒரு பக்கத்தைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம் என்று உறுதிசெய்தார். (அம்மாவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். குடும்பம் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒன்றரை வயதுக்கு முன்னால் ‘எனக்கு இந்தக் கைதான்’ என்ற பழக்கம் பொதுவாகக் குழந்தைகளுக்கு உறுதிப்படுவதில்லை. இரண்டு கையாலும் மாறி மாறி எடுப்பார்கள். எந்தக் கைப் பழக்கம் என்பது 3, 4 வயதில்தான் நிலைக்கும். ஆகவே ஒரு வயதுப் பிள்ளை ஒரே கையைத்தான் நீட்டுகிறது என்றால், தாத்தா மாதிரி, மாமா மாதிரி என்று விட்டுவிடாதீர்கள். இன்னொரு கை ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். பிறந்த குழந்தை கையை மூடிக்கொண்டிருப்பது இயல்பு. 4, 5 மாதத்துக்குப் பிறகும் கட்டைவிரல் எப்போதும் உள்ளங்கைக்குள்ளேயே இருந்தால், அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதற்காக ஒரே ஒரு தாளைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நன்றாக இருக்கிற குழந்தையும் துள்ளும், கையை இழுத்துக்கொள்ளும், வண்ணத்தைப் பிசையும். நான்கு தடவை பதித்தால் மூன்று சொதப்பும். வேறு வேறு நாட்களில், இரண்டு கையையும் பதித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் அதே கை, அதே மாதிரி மூடியே விழுகிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது செய்யும் முறைக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் கோளாறு இங்கேதான். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, குழந்தையின் விரல் நுனிகளைப் பிடித்து இழுத்து, மணிக்கட்டை அமுக்கித் தாளில் வைத்து அழுத்துகிறார்கள். குழந்தை வீறிடுகிறது. ஒரு வயதுக் குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், அங்குள்ள 8 சிற்றெலும்புகளில் பெரும்பாலும் 2தான் தெரியும். மீதியெல்லாம் இன்னும் குருத்தெலும்புதான். அவ்வளவு இளசான கை அது. மூடிய கையைத் திறக்க விரலை இழுக்கத் தேவையே இல்லை. மணிக்கட்டை மெதுவாகக் கீழ்ப்பக்கம் மடக்குங்கள், விரல்கள் தாமாகவே தளரும். புறங்கையை இலேசாக வருடிவிட்டால் இன்னும் நன்றாக விரியும்.

அதைவிட நல்ல வழி நம் வீட்டுக் கிழவிகளிடம் இருக்கிறது. உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்பு கடைந்து, விரல் விரலாக ஆளுக்கு ஒரு வாய் சோறு ஊட்டி, கழுவி ஊற்றி, அப்புறம் ‘நண்டூருது நரியூருது’ என்று அக்குள் வரை ஏறுகிற விளையாட்டு. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவும், தொடுதலுக்குக் கையைப் பழக்கவும் நான் பயிற்சியாகச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. பதிப்பதற்கு முன்னால் இரண்டு கையிலும் ஒரு சுற்று விளையாடிவிடுங்கள்.

பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஈரத்துணி வைத்துக்கொண்டு, முதலில் ஒரு விரலில் மட்டும் தொட்டுவையுங்கள். பிசுபிசுப்பு பிடிக்காமல் கையை உதறினால் துடைத்துவிடுங்கள். அன்றைக்கு வெறும் தண்ணீரைத் தொட்டுச் சிமெண்டுத் தரையில் பதிக்கட்டும், அதுவும் யானைதான். ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தக் குழந்தையையும் உட்கார வைக்காதீர்கள். விரல்களைச் சேர்த்துப் பக்கவாட்டில் பதித்தால் மீன். விரித்துப் பதித்தால் சேவல், கட்டைவிரல் தலை, மற்றவை வால். எனக்கு மிகவும் பிடித்தது நண்டு: இரண்டு உள்ளங்கையும் அடிப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று விழ, விரல்கள் இருபுறமும் கால்களாக, கட்டைவிரல்கள் மேலே கண்களாக. இரண்டு கையும் வேலை செய்தால்தான் நண்டு வரும்.

வண்ணத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கத்தான் போகிறது. சுவருக்கும் கதவுக்கும் அடிக்கிற பெயிண்ட் மிச்சம் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் கிடக்கும் டப்பா அதற்கு முந்தியதாக இருக்கலாம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சிக்கொள்ளும், அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குங்குமம், கோலப்பொடி, ஹோலிப் பொடியும் கூடாது. ஒரு வீட்டில் ஆரத்திச் சிவப்பு அழகாக இருக்கிறதே என்று அதையே பூசினார்கள். அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கண்ணைக் கசக்கினால் கருவிழியே புண்ணாகிவிடும். அப்படி எதுவும் ஆகிவிட்டால் குறைந்தது 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கடையில் வாங்கினால், குழந்தைகள் விரலால் பூசுவதற்கென்றே விற்கும் ஐஎஸ்ஐ முத்திரை வண்ணமாக வாங்குங்கள். வாங்காமலும் முடியும். அரை டம்ளர் கேழ்வரகு மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கூழாகக் காய்ச்சி ஆறவையுங்கள். யானை நிறம் கிடைத்துவிடும்! அரிசி மாவுக் கூழில் பீட்ரூட் சாறு கலந்தால் சேவல். மஞ்சள் வேண்டுமென்றால் மெருகேற்றாத முழுக் கிழங்கை வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள். கடை மஞ்சள்தூளிலும் மெருகேற்றிய கிழங்கிலும் நிறத்துக்காகக் காரீயக் குரோமேட் சேர்ப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. கண்ணுக்கு மணி, பட்டன் எதையும் ஒட்டாமல் பேனாவால் புள்ளி வைத்தால் போதும். உதிர்ந்த மணி நேரே தொண்டைக்குப் போகும். இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நம்மூர் பன்னீர் திராட்சையையும் சிறு பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நறுக்கி விதை எடுத்துக் கொடுங்கள்.

அந்தப் பையனுக்குக் கட்டைவிரலை வெளியே நிறுத்தும் மெத்துப் பட்டையும் தினசரிக் கைவிளையாட்டும் தொடங்கினோம். பயிற்சி பாதிக்கு மேல் அப்பத்தாதான். நல்ல கைக்கு ஒரு சின்ன உறையை மாட்டிவிட்டு, வலக்கையால் பொரி எடுக்க வைப்பார். இப்போது அவன் நண்டு பதிக்கிறான். நண்டின் வலக்கண் கொஞ்சம் சாய்ந்துதான் விழுகிறது.

சந்தேகம் இருந்தால், அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டலாம். அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்ப்பதற்கென்றே அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கிராமச் செவிலியரிடம் கேட்டுப் போகலாம், அங்கே பணம் கிடையாது. பதித்த ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதியையும், எந்தக் கை என்பதையும் எழுதிவையுங்கள். தோட்டத்துக்குப் போகிற அம்மாக்களால் வேலைநாளில் வரமுடியாது என்று எனக்குத் தெரியும். பிள்ளையையும் அந்தத் தாள்களையும் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ கொடுத்தனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம்.