கேஸ் என்று விட்டுவிடும் வலி

போன மழைக்காலத்தில் இட்லிக்கடை நடத்தும் அக்கா ஒருவரைக் கூட்டி வந்தார்கள். வயது 42. எட்டு மாதமாக வலது விலாவுக்குக் கீழே வலி. ராத்திரியில் பிடிக்கும், முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் ஏறும், இரண்டு மூன்று மணி நேரம் புரட்டி எடுத்துவிட்டுத் தானாக அடங்கும். ஓமத் தண்ணீர், சோடா, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை என்று ஓட்டியிருக்கிறார். "கல்யாண வீட்ல பிரியாணி சாப்பிட்டா அன்னிக்கு ராத்திரி ஜாஸ்தி, டாக்டர்" என்றார். நோய் முழுவதும் அந்த வார்த்தையிலேயே இருந்தது. எண்ணெயும் கொழுப்பும் குடலுக்குள் இறங்கும்போது பித்தப்பை சுருங்கி, சேர்த்து வைத்த பித்தநீரை வெளியே தள்ளும். பையின் வாய்ப்பகுதியில் கல் உட்கார்ந்திருந்தால் அடைப்பை எதிர்த்துச் சுருங்கும். அதுதான் வலி.

அவர் எங்களிடம் வந்த அன்று காய்ச்சலும் வாந்தியும் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. ஸ்கேனில் பித்தப்பை வீங்கி, சுவர் தடித்து, சுற்றிலும் நீர் கட்டியிருந்தது. சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில்தான் ஆரம்பித்தோம். முக்கால் மணி நேரம் முயன்ற பிறகு, விலாவுக்குக் கீழே வயிற்றைத் திறந்து முடித்தோம்.

வெளியே வந்ததும் அவருடைய அண்ணன் கேட்டார்: "சின்ன ஓட்டைதான்னு சொன்னீங்களே?"

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. தங்கச்சி வயிற்றில் நீளமான தையலைப் பார்த்த யாருக்கும் வரும். அவருக்கு அன்று உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பித்தப்பையிலிருந்து ஒரு சிறு குழாய் கிளம்பி, கல்லீரலிலிருந்து வரும் முக்கியப் பித்தக்குழாயோடு சேர்கிறது. சிறு குழாயை அடைத்து வெட்ட வேண்டும், பெரிய குழாயைத் தொடவே கூடாது. எதையும் வெட்டும் முன் அந்த இடத்துக் கொழுப்பையும் சவ்வையும் விலக்கி, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டுதான் போகின்றன, ஒன்று குழாய், இன்னொன்று ரத்தநாளம் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்கிறோம். அழற்சி பல நாள் ஓடியிருந்தால் அங்கே எல்லாம் பிசைந்த மண் போல ஒட்டிக் கிடக்கும். எது எதுவென்று தெரியாமல் கிளிப் போட்டுப் பெரிய குழாயில் வெட்டு விழுந்தால், அடுத்தடுத்து அறுவை சிகிச்சை, மஞ்சள் காமாலை என்று வருஷக்கணக்கில் துன்பம். அதற்காகத்தான் ஒப்புதல் படிவத்தில் 'தேவைப்பட்டால் திறந்த முறை' என்ற வரி இருக்கிறது. அந்த இடத்தில் கேமராவை வெளியே எடுப்பது நோயாளியின் உயிரை நினைத்து எடுக்கிற முடிவு. அதைத் தோல்வியாக நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

முதல் வலியிலேயே அந்த அக்கா ஸ்கேன் எடுத்திருந்தால் நான்கு சிறு துளைகளோடு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்குப் போயிருப்பார். காய்ச்சலோடு வந்தாலும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் துளை வழியாகவே முடிக்க முடிகிறது.

பலர் இதை 'லேசர் ஆபரேஷன்' என்கிறார்கள். லேசர் எதுவும் இல்லை. முழு மயக்கம் கொடுத்து, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி இடம் உண்டாக்குகிறோம். தொப்புளருகே போடும் துளையில் கேமரா, மற்றத் துளைகளில் கருவிகள். பெரியது ஒரு சென்டிமீட்டர், சிறியது அரை சென்டிமீட்டர். முடிந்த பிறகு ஓரிரு நாள் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். மிச்ச வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, நடக்க நடக்கக் குறையும்.

ஜெர்மனியில் 1980இல் கர்ட் செம் குடல்வாலையும் (அப்பெண்டிக்ஸ்), 1985இல் எரிக் முஹே பித்தப்பையையும் இப்படி எடுத்தபோது, சக மருத்துவர்களே அவர்களை ஏற்கவில்லை. மும்பையில் 1990இல் டாக்டர் உத்வாடியா பித்தப்பையை இந்த முறையில் எடுத்தார். இன்று நம் மாவட்டத் தலைநகரங்களிலும் வழக்கமாக நடக்கிறது.

"கல்லை மட்டும் எடுத்துட்டுப் பையை விட்டுடலாமே?" என்று கேட்பார்கள். கல் உருவாகும் இடமே அந்தப் பைதான், விட்டால் திரும்ப வரும். வாழைத்தண்டுச் சாறு குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. சிறுநீரகக் கல் வேறு, இது வேறு. பித்தப்பைக் கல் சிறுநீரில் இறங்காது. பித்தக்குழாய்க்குள் இறங்கினால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம். அதே சமயம், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது, ஒருநாளும் வலித்ததில்லை என்றால், பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

குடல்வாலில் ஏமாற்றம் வேறு மாதிரி. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். முதல் நாள் தொப்புளைச் சுற்றி வலி, சாப்பாடு பிடிக்கவில்லை. மறுநாள் வலி அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கிவிட்டது. வயிறு சுத்தமாகட்டும் என்று பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் வலி சட்டென்று விட்டது. வீடே நிம்மதியானது. சாயங்காலம் கடுங்காய்ச்சலோடு, தொட விடாத, பலகை போல இறுகிய வயிற்றோடு தூக்கி வந்தார்கள். அடைத்து வீங்கிய குடல்வால் வெடிக்கும்போது உள் அழுத்தம் இறங்கிக் கொஞ்ச நேரம் வலி குறையும். அதற்குள் சீழ் வயிறெங்கும் பரவிவிடும். அவனுக்குத் துளை வழியாகவே எடுத்துக் கழுவ முடிந்தது, ஆனால் இரண்டு நாளில் போக வேண்டியவன் ஒன்பது நாள் படுத்திருந்தான். இப்படி இடம் மாறும் வலிக்கு விளக்கெண்ணெயும் எனிமாவும் கொடுக்கவே கூடாது. வெடிக்காத குடல்வாலுக்குச் சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் அப்படிச் செய்தவர்களில் பத்தில் மூன்று பேருக்கு 90 நாளுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அதை மருத்துவமனையில் முடிவு செய்யுங்கள், மருந்துக்கடையில் வேண்டாம்.

இன்னொன்று. நாற்பது தாண்டியவருக்கு மேல்வயிற்றில் வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். கேஸ் என்று நினைத்து மாரடைப்பைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், கண் மஞ்சளாவது, நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே திரும்பி வாருங்கள். எடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள், பித்தப்பையின் பயாப்சி ரிப்போர்ட்டை லேபிலேயே விட்டுவிடுகிறார்கள். அபூர்வமாக அதில்தான் புற்றுநோய் தெரிய வரும். தையல் பார்க்க வருகிற அன்று அந்த ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று நீங்களே கேளுங்கள்.