மகன் பில் கட்டப் போன பிறகு

ஐம்பது தாண்டிய ஆண்களுக்கான 'ஃபுல் பாடி செக்கப்'களில் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் இப்போது சேர்ந்துவிட்டது. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருகிறது. 4 நானோகிராமைத் தாண்டினால் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். மறுநாளே மகன் லீவு போட்டுவிட்டு அப்பாவை அழைத்து வந்துவிடுவார். மும்பையில் சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை அதிகம் பார்க்கும் யூராலஜிஸ்ட், அதாவது சிறுநீர்ப்பாதை மருத்துவர், நான். அறையில் கேள்வி கேட்பதெல்லாம் மகன்தான்: புராஸ்டேட் கேன்சரா, எந்த ஸ்டேஜ், எவ்வளவு ஆகும், பரேல் டாடா ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா. அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகன் பில் கட்ட வெளியே போனதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்பார். நோயாளிக்கு உண்மையில் வேண்டிய பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது.

எனக்கும் கேட்க வேண்டியது இருக்கிறது. பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். புற்றுநோய் மட்டும்தான் அதை ஏற்றும் என்றில்லை. வயதானால் வரும் சாதாரண வீக்கம், சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைத்து ட்யூப் போட்டது, ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் விந்து வெளியானது, நெடுந்தூரம் சைக்கிள் மிதித்தது, எதனாலும் ஏறலாம். தொற்று இருந்திருந்தால் அதற்கு மருந்து கொடுத்து, ஆறு வாரம் போல விட்டு மறுபடி பார்ப்போம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு மாத்திரைகள் ஆறு மாதம் போனால் பி.எஸ்.ஏ.வை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். அப்போது ரிப்போர்ட்டில் 3 என்றிருந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். முடி கொட்டாமல் இருக்கச் சிலர் ரகசியமாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரையும் இதே ஃபினாஸ்டெரைடுதான். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது இதையெல்லாம் எந்த மனிதர் சொல்வார்?

மறுபரிசோதனையிலும் ஏறியே இருந்தால் எம்.ஆர்.ஐ.; அதில் சந்தேகமான இடம் தெரிந்தால் பயாப்சி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்று சொல்லியே பயாப்சியைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. புராஸ்டேட்டைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு வேலையில்லை. சிறுநீரில் சில நாளும், விந்தில் சில வாரமும் ரத்தம் தெரியலாம். கவனிக்க வேண்டியது காய்ச்சலைத்தான். குளிர் நடுக்கத்தோடு வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

பயாப்சி ரிப்போர்ட்டில் க்ளீசன் என்ற சொல்லைத் தேடுங்கள்; கட்டி எவ்வளவு வேகமானது என்பதற்கான மதிப்பெண் அது. 3+3=6 என்றால் இருப்பதிலேயே சாதுவான வகை; 8, 9, 10 என்றால் வேகமானது. 6 என்று வந்த பலரிடம், இப்போதைக்கு வெட்டவும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறு பயாப்சி என்று கண்காணித்து வரலாம் என்பேன். மகனுக்குக் கோபம் வந்துவிடும். "கேன்சர்னு சொல்லிட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களே!" பிரிட்டனில் ப்ரொடெக்ட் என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. பி.எஸ்.ஏ. மூலம் கண்டுபிடிக்கப்பட்ட, சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் உள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்றாகப் பிரித்தார்கள். 2023இல் வந்த 15 ஆண்டு முடிவில், எந்தக் குழுவிலும் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 2 முதல் 3 சதவீதம்தான். கண்காணிப்புக் குழுவில் நோய் பரவியவர்கள் கூடுதல் என்பதும், பாதிக்கு மேற்பட்டோர் பிற்பாடு ஏதோவொரு சிகிச்சைக்குப் போனார்கள் என்பதும் சேர்ந்ததுதான் அந்த முடிவு. ஆகவே சும்மா இருப்பது என்று இதற்கு அர்த்தமில்லை; தேதி தவறாமல் வர வேண்டும். ஆனால் நாளைக்கே ஆபரேஷன் என்று ஓட வேண்டியதில்லை, இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டு யோசிக்க நேரம் இருக்கிறது. க்ளீசன் 8, 9 உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சரி, புராஸ்டேட்டை எடுத்துவிடும் அறுவை என்று முடிவாகிவிட்டது. சிறுநீர் ட்யூப் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். அதை எடுத்த அன்று சிறுநீர் ஒழுகும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் மனிதர் உடைந்துபோகிறார். டோம்பிவிலியிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், ஆபரேஷனுக்குப் பிறகு லோக்கல் ரயிலில் ஏறவே மாட்டேன் என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், வண்டியில் டாய்லெட் கிடையாது, தாதரில் நாலா பக்கமும் இடிக்கும் கூட்டம். அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். அது தப்பு: சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தி, அவசரத்தை இன்னும் கூட்டும். குறைக்க வேண்டியது தண்ணீரை இல்லை, கிளம்புவதற்கு முன் குடிக்கும் இரண்டாவது ஃபில்டர் காபியை. ஆண்களுக்கென்றே சிறிய பேடு கிடைக்கிறது, உள்ளாடைக்குள் வைத்தால் வெளியே தெரியாது. கறுப்புப் பேன்ட், பையில் ஒரு மாற்று பேடு, போகும் வழியில் எந்த ஸ்டேஷனில் டாய்லெட் சுமாராக இருக்கிறது என்ற கணக்கு. முதலில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் தாணே வரைக்கும் போய்ப் பார்த்தார். அப்புறம் பழைய வண்டிக்கே திரும்பிவிட்டார்.

இடுப்படித் தசைக்கான கீகல் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொள்வது நல்லது. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரியாமல் அடக்குவோமே, அப்போது உள்ளே இறுகுவதுதான் அந்தத் தசை. வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்காமல், மூச்சைப் பிடிக்காமல், ஐந்து எண்ணும் வரை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. ட்யூப் இருக்கும்போது செய்யக் கூடாது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம். இருமும் முன், தும்மும் முன், நாற்காலியிலிருந்து எழும் முன் ஒரு முறை இறுக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. காலையில் காய்ந்திருந்து சாயங்காலம் ஒழுகினால் பயப்பட வேண்டாம், தசை களைத்துப்போகிறது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் கட்டுக்குள் வந்துவிடும். ஓராண்டாகியும் நிற்காவிட்டால் அதற்கும் அறுவைத் தீர்வுகள் உண்டு.

அடுத்தது, குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி. விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டை ஒட்டியே ஓடுகின்றன. நோய் அவற்றைத் தொடாமல் இருந்தால் காப்பாற்ற முயல்வோம். காப்பாற்றினாலும் விழித்தெழ ஓராண்டு, ஈராண்டு ஆகலாம், பழையபடி ஆகாமலும் போகலாம். விந்து இனி வராது. ஆனால் உச்ச உணர்வு இருக்கும். இந்தச் செய்தி பலருக்குப் பெரிய ஆறுதல், அறுபத்தைந்து வயதிலும். சில்டனாஃபில் மாத்திரை உதவும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர்கள் மட்டும் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சரேலென்று விழுந்துவிடும். மெடிக்கலில் நேராக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது இதனால்தான். மனைவியையும் ஒரு முறை அழைத்து வரச் சொல்கிறேன். பாதிப் பேர் வருவதில்லை. வந்த அம்மாக்களில் பலர், "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, கோபமா இருக்கார்னு நெனச்சேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

சிலருக்குப் போடும் ஹார்மோன் ஊசியிலும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டிய அதே கதை. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தக் கட்டி சுருங்கும் என்று அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. விலையும் உண்டு: திடீர்ச் சூடு, வியர்வை, எரிச்சல், ஆசையே அற்றுப்போவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு மெலிவது. நடையோடு கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். எலும்பு அடர்த்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரிப்போர்ட்டே எடுக்காமல் நேராக வலியோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தாராவியில் பட்டறை வேலை செய்யும் அண்ணாச்சிகள் முதுகுவலியை மூட்டை தூக்கியதன் மேல் போட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டே காலம் தள்ளுவார்கள். இந்தப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவினாலும் முதுகு வலிக்கும். படுத்தாலும் விடாத, ராத்திரியில் எழுப்பும் முதுகுவலிக்கு அறுபது வயதுக்காரர் ஒரு பி.எஸ்.ஏ.வாவது பார்த்துவிட வேண்டும். அதோடு காலில் பலம் குறைந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று கொண்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். நடக்க முடிகிற நிலையில் வந்து சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் விழுந்து ஓரிரு நாள் ஆகிவிட்டால் மீட்பது கஷ்டம்.