நிலவின் மறுபக்கம்: ‘இருண்ட பக்கம்’ என்பது ஏன் தவறு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் டியூஷனுக்கு வரும் படிவம் ஒன்று (இடைநிலைப்பள்ளி முதலாண்டு) பிள்ளைகளிடம், “நிலவில் நமக்குத் தெரியாத அந்தப் பக்கம் வெயில் படுமா?” என்று கேட்டால், “படாது டீச்சர், அது இருண்ட பக்கம்” என்று அடித்துச் சொல்கிறார்கள். செய்தியில் கேட்டது. சீனாவின் சாங்'இ-6 கலம் 2024 ஜூனில் அங்கிருந்து ஏறக்குறைய 1.9 கிலோ மண்ணை அள்ளி வந்தபோதும் இதே சொல்தான் ஓடியது.

மறு என்றால் மற்றொன்று. மறுகரை, மறுநாள் போல மறுபக்கம். சொல்லின் பிறப்பு அவ்வளவுதான். அண்மை, சேய்மை என்று சோடியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சேய்மைப் பக்கம்’ என்பதும் சரியே, சுட்டெழுத்து படித்த பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

‘இருண்ட பக்கம்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கே இருட்டுக்கு ‘அறியப்படாத’ என்ற பொருளும் உண்டு. தமிழில் இருண்ட என்றால் வெளிச்சம் இல்லாத என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவை ‘இருண்ட கண்டம்’ என்று எழுதிவைத்ததும் இதே கைதான். அறியாமை என்ற பொருளை வைத்துக்கொண்டாலும் அது 1959-லேயே தீர்ந்துவிட்டது. அந்த அக்டோபரில் சோவியத் கலமான லூனா-3 மறுபக்கத்தைப் படம் பிடித்தது.

அங்கே வெயில் நன்றாகவே அடிக்கிறது. நிலவு தன்னைத்தானே ஒரு முறை சுற்றவும் பூமியை ஒரு முறை சுற்றவும் ஒரே காலம்தான், ஏறக்குறைய 27.3 நாள். அதனால்தான் நமக்கு எப்போதும் ஒரே முகம். வகுப்பில் ஒரு மாணவியை என் நாற்காலியைப் பார்த்தபடியே அதைச் சுற்றி நடக்கவிட்டேன். அவள் முகம் ஒரு சுற்றுக்குள் வெண்பலகை, சன்னல், கதவு என எல்லாத் திசைக்கும் திரும்பியது; முதுகு மட்டும் எனக்குத் தெரியவே இல்லை. சன்னல் வெயில் அந்த முதுகில் விழுந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள். தைப்பூச முழுநிலவன்று மறுபக்கத்தில் இரவு. தீபாவளியை ஒட்டிய அமாவாசையில் நமக்கு நிலவே தெரியாது, அங்கோ முழு வெயில். ஒவ்வோர் இடத்திலும் பகல் ஏறக்குறைய இரண்டு வாரம் நீளும்.

நிறத்தைச் சொல்கிறோம் என்றாலும் பொருந்தாது. குறள் ‘மதிக்கண் மறு’ என்று சொல்லும் கறை, உறைந்த எரிமலைக் குழம்புச் சமவெளி. அது நம் பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மறுபக்கத்தில் மிகமிகக் குறைவு. விடியுமுன் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போன நம் தாத்தா பாட்டிகள் பார்த்ததுதான் கறை படிந்த பக்கம்.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. தலைப்பு மர்மமாக ஒலிக்க வேண்டும் என்று சொல்லை எடுக்கிறார்கள். கருத்து தெரிந்த பிள்ளையும் சொல்லை நம்பித் தேர்வில் மதிப்பெண் இழக்கிறது. கூடவே நல்ல சொல் ஒன்றும் வீணாகிறது. நிலவின் துருவங்களில் சூரியன் எட்டாத ஆழ்ந்த பள்ளங்கள் உண்மையாகவே இருக்கின்றன. சந்திரயான்-1 கலத்தின் தரவுகளைக் கொண்டு அங்கே உறைபனி இருப்பதை 2018-இல் உறுதிசெய்தார்கள். ‘இருண்ட’ என்று எழுத ஆசைப்படுபவர்கள் அந்தப் பள்ளங்களுக்கு எழுதட்டும்.