‘பாலிப்பை எடுத்தாச்சு, அப்புறம் என்ன?’

போன வாரம் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எங்கள் லேபுக்கு, தன் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கை வாங்க ஒருவர் வந்தார். பண்ருட்டிக்காரர். கையில் ஐந்து வருடத்துக்கு முன் புதுச்சேரியில் நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட், பெருங்குடலில் எடுத்த பாலிப்புக்கு (உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி): டியூபுலோவில்லஸ் அடினோமா, 22 மில்லிமீட்டர், லோ கிரேட் டிஸ்பிளேசியா. மூன்று வருடத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) என்று டாக்டர் சீட்டும் கூடவே இருந்தது. “கேன்சர் இல்லைன்னாங்க, அதோட விட்டுட்டேன்” என்றார். இப்போது வந்த பயாப்ஸி புற்றுநோய். இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆள்.

அடினோமா என்பது பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப். அடினோமா என்றாலே அதில் டிஸ்பிளேசியா, அதாவது செல்கள் இயல்பு மாறியிருப்பது, இருக்கும், குறைந்தது லோ கிரேடாவது. ‘லோ’ என்று பார்த்ததும் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். ‘ஹை’ என்றால் வீடே அழுகிறது. இரண்டும் தப்பு. சளிப்படலத்துக்கு அடியிலுள்ள மெல்லிய தசையடுக்கைத் தாண்டி செல்கள் கீழே இறங்கினால்தான் பெருங்குடலில் அதைப் பரவக்கூடிய புற்றுநோய் என்கிறோம். ஹை கிரேடுகூட அதைத் தாண்டியதில்லை. ஆனால் பாலிப்பைத்தான் எடுத்தோம், அதை வளர்த்த குடல் உள்ளேயே இருக்கிறதே! அங்கே இன்னொன்று முளைக்கும். முதல் தடவை கண்ணில் படாத சின்னது பெரிதாகும். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், ரிப்போர்ட்டில் வில்லஸ் (விரல் போல நீண்ட அமைப்பு) என்ற சொல் இருந்தால், ஹை கிரேடு என்றால், மூன்று வருடத்தில் திரும்பப் பார்த்தே ஆகவேண்டும். ஒன்றிரண்டு சின்ன டியூபுலார் (குழாய் போன்ற அமைப்புள்ள) அடினோமா மட்டும் என்றால் ஏழு முதல் பத்து வருடம் பொறுக்கலாம்.

இவருடைய பாலிப் முந்திரிப் பருப்பு அளவு இருந்தது. வெட்டிய அடிப்பக்கத்தில் மை தடவி, காம்போடு நெடுக்காக நறுக்கிப் பார்த்தோம். மை பட்ட ஓரத்தில் அடினோமா இல்லை, அதாவது அந்தப் பாலிப் முழுதாக வந்துவிட்டது. துண்டு துண்டாக வந்திருந்தால் அதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

அனுப்புகிற டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. வலப்பக்கத்துப் பாலிப்பையும் மலக்குடல் பாலிப்பையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஸலைன் வேண்டாம், ஃபார்மலின் போதுமான அளவு ஊற்றுங்கள். இடமும் அளவும் ஃபாரத்தில் இருக்கட்டும். ரம்பப்பல் போன்ற சில பாலிப்களில் இடம் தெரியாமல் ரிப்போர்ட் எழுதுவது கஷ்டம்.

மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டி மருந்து வாங்காதீர்கள். தயவுசெய்து.

பிளாக்கைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது கூட வந்த மகன். வயது 41. “தம்பி, அப்பாவுக்கு வந்திருப்பதால், வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் நீங்களும் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும், அப்பா சிகிச்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்” என்றேன். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் தேதி எழுதி வாங்கிக்கொண்டு போனார்.